கோழிச் சண்டையில பெருத்த பிக்கப்பு

மூணு மாசமா ஒண்ணும் எழுதலை. பேத்தி பொறந்திருக்கான்னு அமெரிக்காவுல மக வீட்டுக்குப் போயிருந்தோம். டெக்சாஸ் மாநிலம். போன வாரம்தான் ஊர் வந்து சேர்ந்தோம். நாங்க இல்லாத நேரத்துல மரவள்ளிக்கு மாவுப்பூச்சி வந்து பையன் ஒருத்தனே மருந்தடிச்சுச் சமாளிச்சிருக்கான். அதை இன்னொரு நாள் சொல்றேன். இன்னைக்கு ஒரு வண்டிக் கதை.

நாமக்கல்லுக்காரனுக்கு வெளிநாடு போனாலும் ரெண்டு விஷயத்துல கண்ணு நிக்கும். ஒண்ணு கோழி, இன்னொண்ணு லாரி. இந்த ரெண்டும் ஒரே கதையில வரும்னு எனக்கு அங்க போற வரைக்கும் தெரியாது.

மாப்பிள்ளை வெச்சிருக்கிறது ஃபுல் சைஸ் பிக்கப்பு. முன்னாடி பானெட்டு என் நெஞ்சு உயரம். உள்ள அஞ்சு பேர் காலை நீட்டி உட்காரலாம். பின்னாடி தொட்டி. அந்தத் தொட்டியில ஒரு கீறல் இல்லைங்க. எரு ஏத்தாத பிக்கப்பை அன்னைக்குத்தான் பார்த்தேன். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. தினமும் ஒத்தை ஆளாப் போறதும் வர்றதுமா 100 கிலோமீட்டர் ஓட்டறார். தொட்டி காலியாவே போயிட்டுக் காலியாவே வருது.

ஒரு நாள் முன் சீட்டுல உட்கார்ந்து போறப்ப மீட்டருல 17-ன்னு காட்டுச்சு. "பரவாயில்லையே மாப்பிள்ளை, எங்க குட்டி யானையும் காலியாப் போனா ஏறக்குறைய இதுதான் குடுக்கும்"னேன். அவர் சிரிச்சுட்டார். "மாமா, இது லிட்டருக்கு இல்லை. கேலனுக்கு 17 மைல்"னார். அமெரிக்கக் கேலன் ஒண்ணு 3.785 லிட்டர். மனசுலயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 7.2 கிலோமீட்டர்.

"இவ்வளவு குடிக்குதே, சின்னதா ஒண்ணு வாங்கியிருக்கலாமே?"ன்னேன்.

"இது விவசாய நாடு மாமா. அதனாலதான் இங்க எல்லாருக்கும் பெரிய வண்டி"ன்னார்.

அந்தப் பதில் என்னமோ உறுத்துச்சு. விவசாயி பேரைச் சொல்லி எரு ஏத்தாத வண்டி ஓடுதேன்னு. மக ஊர் நூலகத்துல கார்டு வாங்கிக் குடுத்தா. பேத்தி தூங்கற நேரமெல்லாம் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷை வெச்சுப் படிச்சேன். புரியாததை மககிட்டக் கேட்டுக்கிட்டேன். படிச்சதை ஒழுங்குபடுத்தி எழுதறேன்.

பொறந்தது காட்டுலதான்

மாப்பிள்ளை சொன்னதுல பாதி நிஜம். பிக்கப்பு விவசாயிக்காகப் பொறந்ததுதான். ஹென்றி ஃபோர்டோட மாடல் டி கார் வந்தப்ப, அமெரிக்க விவசாயிங்க அதை வாங்கி, பின்பக்கத்தை வெட்டி எடுத்துட்டு மரப்பெட்டி மாட்டிக்கிட்டாங்க. சோளம், பன்னி, பால் கேன் எல்லாம் அதுலதான் சந்தைக்குப் போச்சு. இதைப் பார்த்துட்டு 1925-ல் கம்பெனியே தொட்டி வெச்சு ஒரு வண்டியை விட்டுச்சு. விலை 281 டாலர். இஞ்சின் 20 குதிரைத் திறன்.

அந்த மாடல் டி என்ன மைலேஜ் குடுத்துச்சு தெரியுமா? கேலனுக்கு 13-லிருந்து 21 மைல். அதாவது லிட்டருக்கு அஞ்சரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். நூறு வருஷம் கழிச்சு மாப்பிள்ளை வண்டி குடுக்கறதும் அதுக்குள்ளதான் இருக்கு.

இஞ்சின் தொழில்நுட்பம் வளரவே இல்லைன்னு இதுக்கு அர்த்தமில்லைங்க. நல்லாவே வளர்ந்திருக்கு. ஆனா வளர்ந்த திறமையில பெரும்பங்கை எடையிலயும் வேகத்துலயும் செலவு பண்ணிட்டாங்க. 20 குதிரை இருந்த இடத்துல இப்போ 300, 400 குதிரை. ஏன் அப்படிப் பண்ணினாங்கங்கறதுதான் கதை. அது ஒரு கோழியிலிருந்து ஆரம்பிக்குது.

கோழி வரி

ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்காவுல கோழி வளர்ப்பு பெரிய பண்ணைத் தொழிலாச்சு. விலை மளமளன்னு எறங்குச்சு. அந்த மலிவுக் கறி கப்பல் கப்பலா மேற்கு ஜெர்மனிக்குப் போச்சு. அங்க இருந்த பண்ணைக்காரங்க, "எங்க பொழைப்பு போச்சு"ன்னு குரல் குடுத்தாங்க. 1962-ல் ஐரோப்பிய பொதுச் சந்தை நாடுகள் இறக்குமதிக் கோழி மேல வரியை ஏத்துச்சு. அமெரிக்கக் கோழி ஏற்றுமதி படுத்துருச்சு. ஆர்கன்சா மாதிரி கோழி மாநிலங்களுக்குப் பலத்த அடி.

பேச்சுவார்த்தை பலிக்கலை. 1963 டிசம்பர்ல அதிபர் லிண்டன் ஜான்சன் பதிலடி குடுத்தார். நாலு பொருள் மேல 25 சதவீத வரி: உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சின்ன லாரி. 1964 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு. மரவள்ளியைச் சேகோ மில்லுக்கு அனுப்பறவன் நான். இந்தப் பட்டியல்ல ஸ்டார்ச்சைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோழிச் சண்டையில கிழங்கு மாவும் லாரியும் மாட்டியிருக்கு.

லாரி மேல வரி போட்டதுக்குக் காரணம், ஜெர்மனியிலிருந்து ஃபோக்ஸ்வாகன் கம்பெனி தன்னோட வேனுலயே தொட்டி வெச்ச ஒரு சின்ன பிக்கப்பை அமெரிக்காவுக்கு அனுப்பிக்கிட்டிருந்துச்சு. அதை நிறுத்தத்தான் அடி. மத்த மூணு பொருள் மேல இருந்த வரி பிற்பாடு போயிருச்சு. லாரி வரி மட்டும் 60 வருஷம் தாண்டியும் நிக்குது. கோழிச் சண்டை எப்பவோ ஓய்ஞ்சும் அங்க அதுக்கு இன்னும் பேரு "கோழி வரி"தான்.

அடுத்து ஜப்பான்காரங்க வந்தாங்க. அவங்க பண்ணின வித்தை நம்ம ஊர் பாடி கட்டறவங்களுக்கு உடனே புரியும். தொட்டி இல்லாம கேபினும் சேசிஸுமா இறக்கினா வரி 4 சதவீதம்தான். அப்படி இறக்கி, அமெரிக்காவுல வெச்சுத் தொட்டியை மாட்டினாங்க. அந்தச் சின்ன பிக்கப்புங்க நல்லா ஓடுச்சு, கொஞ்சமாக் குடிச்சுது. 1980-ல் "சேசிஸா வந்தாலும் அது லாரிதான்"னு சொல்லி அந்த வழியையும் அடைச்சாங்க.

இதனால என்ன ஆச்சுன்னா, வெளியிலிருந்து சிக்கனமான சின்ன வண்டி வர்றதுக்குக் கதவு முக்கால்வாசி சாத்தியாச்சு. பெரிய வண்டி செய்யற உள்ளூர் கம்பெனிங்களுக்குப் போட்டி குறைவு. போட்டி இல்லாத சந்தையில பொருள் வாங்கறவன் சௌகரியத்துக்கு வளராது, விக்கிறவன் லாபத்துக்குத்தான் வளரும். வியாபாரி ஒருத்தனே வர்ற சந்தையில கிழங்கு வித்தவங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

88 கிலோமீட்டருக்கு மேல போகாதே

1973 அக்டோபர்ல அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மாட்டோம்னு நிறுத்துச்சு. கொஞ்ச மாசத்துல பீப்பாய் 3 டாலர் இருந்தது 12 டாலர் பக்கம் போயிருச்சு. பங்க்குல மைல் கணக்கா வரிசை. சில மாநிலங்கள்ல நம்பர் பிளேட்டு ஒத்தைப்படைன்னா ஒரு நாள், ரெட்டைப்படைன்னா மறுநாள்னு முறை வெச்சாங்க. ஞாயித்துக்கிழமை பங்க்கை மூடுங்கன்னு அதிபர் நிக்சன் கேட்டுக்கிட்டார்.

அப்பத்தான் ஒரு அரசாங்கம் நேரடியா டிரைவரோட கால் மேல கை வெச்சுது. 1974 ஜனவரி 2-ம் தேதி நிக்சன் கையெழுத்துப் போட்ட சட்டத்தால, நாடு முழுக்க மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம்னு ஆச்சு. நம்ம கணக்குல 88 கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி பல மாநிலங்கள்ல 70, 75 மைல் வரைக்கும் போய்க்கிட்டிருந்தாங்க.

மேற்கு மாநில விவசாயிங்களுக்குக் கடுங்கோவம். அங்க காட்டுக்கும் டவுனுக்கும் நூறு மைல்கூட இருக்கும், நடுவுல ஒரு ஆளிருக்காது. மான்டானா மாநிலம் பண்ணின குறும்பைப் படிச்சுட்டு நான் தனியாச் சிரிச்சேன். மத்திய சட்டத்தை மீற முடியாது, மீறினா ரோட்டுக்கு வர்ற பணம் நின்னுரும். அதனால பகல்ல 55-ஐத் தாண்டிப் போறவனைப் பிடிச்சா, வேகத்துக்குன்னு அபராதம் போடலை. "தட்டுப்பாடா இருக்கிற பொருளை வீணடிச்சதுக்கு"ன்னு 5 டாலர் வாங்கிட்டு விட்டுட்டாங்க.

இந்தச் சட்டத்தால மிச்சமான எண்ணெய் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் கம்மி. பெரும்பாலானவங்க மதிக்கலை. ஆனா 1973-ல் சாலை விபத்துல 54,000 பேர் செத்த நாட்டுல, 1974-ல் அது 45,000 பக்கம் எறங்குச்சு. பெட்ரோல் இல்லாம வண்டிங்க குறைவா ஓடினதும் ஒரு காரணம், வேகம் குறைஞ்சதும் ஒரு காரணம். 1987-ல் கிராமப்புற நெடுஞ்சாலைகளுக்கு 65 மைல் வரைக்கும் தளர்த்தினாங்க. 1995-ல் சட்டத்தையே எடுத்துட்டாங்க. இன்னைக்கு மக வீட்டுப் பக்கம் இருக்கிற 130-ம் நம்பர் மாநில நெடுஞ்சாலையில ஒரு பகுதியில 85 மைல், அதாவது 137 கிலோமீட்டர் போகலாம். அந்த நாட்டுலயே அதுதான் அதிகம்.

வேலியில விட்ட ஓட்டை

காலைக் கட்டின மாதிரியே வண்டி செய்யற கம்பெனியையும் கட்டணும்னு 1975 டிசம்பர்ல இன்னொரு சட்டம் வந்துச்சு. ஒரு கம்பெனி விக்கிற கார்களோட சராசரி மைலேஜ் 1985-க்குள்ள கேலனுக்கு 27.5 மைலைத் தொடணும். லிட்டருக்கு 11.7 கிலோமீட்டர். கார் கம்பெனிங்க முக்கி முனகி அதைத் தொட்டுச்சு.

லாரி விஷயத்துல சட்டம் மென்மையாப் போச்சு. "இது விவசாயியோட வண்டி, கொத்தனாரோட வண்டி, ஆசாரியோட வண்டி. இவங்க சுமை இழுக்கணும். காருக்கு வெச்ச அளவை இவங்களுக்கு வைக்கக் கூடாது"ன்னு தனி அளவு வெச்சாங்க. நியாயமான பேச்சுதானுங்களே? நான் அங்க உட்கார்ந்திருந்தாலும் கையைத் தூக்கியிருப்பேன். அந்தத் தனி அளவு 1990-கள் கடைசியிலயும் 20.7 மைல்லயே நின்னுச்சு. கார் 27.5, லாரி 20.7.

எண்ணெய் அதிகம் குடிக்கிற வண்டிக்குத் தனி வரின்னு 1978-ல் ஒண்ணு கொண்டு வந்தாங்க. அதுவும் காருக்கு மட்டும்தான். பிக்கப்புக்குக் கிடையாது.

இன்னொண்ணும் நடந்துச்சு. 1975-லிருந்து புகையைக் குறைக்கறதுக்காகக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாட்டணும், ஈயம் கலக்காத பெட்ரோல்தான் போடணும்னு விதி வந்துச்சு. சுமையோட சேர்த்து 6,000 பவுண்டுக்குள்ள, அதாவது 2,720 கிலோவுக்குள்ள இருக்கிற வண்டிகளுக்குத்தான் இந்த விதி. அதே வருஷம் ஃபோர்டு கம்பெனி எஃப்-150-ன்னு ஒரு பிக்கப்பு விட்டுச்சு. அதோட மொத்த எடை 6,000 பவுண்டைக் கொஞ்சம் தாண்டி இருந்துச்சு. வேணும்னேதான். வண்டியைக் கனமாக்கினா விதியிலிருந்து தப்பிக்கலாம். பிற்பாடு விதியை 8,500 பவுண்டு வரைக்கும் நீட்டினாங்க. அதுக்கும் மேல கனமான பிக்கப்புங்க மைலேஜ் கணக்குலயே சேராம ரொம்ப வருஷம் ஓடுச்சு.

ஆக, வண்டி பெருத்தா கம்பெனிக்கு லாபம், சட்டத்துல சலுகை, வெளிநாட்டுப் போட்டியும் இல்லை. விளம்பரத்துல தொப்பி போட்ட விவசாயி வைக்கோல் கட்டைத் தூக்கிப் போடறார். வாங்கறவர் டவுன்ல ஆபீஸ் போறவர். எஃப் வரிசை பிக்கப்பு 1980-களின் தொடக்கத்துலயே நாட்டுலயே அதிகம் விக்கிற வண்டியாயிருச்சு. 1975-ல் விக்கிற அஞ்சு வண்டியில ஒண்ணுதான் லாரி வகை. இன்னைக்கு, லாரிக் கணக்குல சேர்ற எஸ்.யூ.வி.ங்களையும் கூட்டினா, நாலுல மூணுக்கு மேல.

2000-களோட பிற்பகுதியில இதைச் சரிபண்றேன்னு வந்த புது முறையில, சக்கரங்களுக்கு நடுவுல இருக்கிற பரப்பளவை வெச்சு மைலேஜ் இலக்கு நிர்ணயிச்சாங்க. பரப்பு பெருசா இருந்தா இலக்கு லேசு. இதுவும் வண்டியை நீட்டறதுக்கே சாதகமாப் போச்சு. 2025-ல் வந்த சட்டமோ, இலக்கைத் தொடாத கம்பெனிக்கான அபராதத்தையே பூஜ்யமாக்கிருச்சு.

நல்லதும் நடக்காம இல்லை. 2015-ல் எஃப்-150-க்கு அலுமினியத்துல பாடி செஞ்சு சுமார் 320 கிலோ வரைக்கும் குறைச்சாங்க. பெரிய வி-8 இஞ்சினுக்குப் பதிலா டர்போ வெச்ச வி-6 வந்துச்சு. சுமை இல்லாதப்ப பாதி சிலிண்டரை நிறுத்தி வைக்கிற இஞ்சினும் இருக்கு. இதெல்லாம் இல்லைன்னா 17-ம் வந்திருக்காது.

சாயம் போட்ட டீசல்

விவசாயிக்குச் சலுகை குடுக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரலைங்க. அதே நாட்டுல இன்னொரு சலுகை ஒழுங்கா நடக்குது. ரோட்டுல போகாத டிராக்டருக்கும் அறுவடை மிஷினுக்கும் போடற டீசலுக்கு ரோட்டு வரி கிடையாது. அந்த டீசல்ல சிவப்புச் சாயம் கலந்து விக்கறாங்க. நம்ம ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்ட மாதிரி. ரோட்டுல போற வண்டி டேங்க்குல குழாய் விட்டுப் பார்த்து, சிவப்பா இருந்தா குறைஞ்சது 1,000 டாலர் அபராதம். அதனால அந்தச் சலுகை பெரும்பாலும் யாருக்குப் போகணுமோ அவங்களுக்குப் போகுது.

பிக்கப்புக்குக் குடுத்த சலுகைக்கு அப்படி ஒரு சாயம் போடலை. காட்டுக்குப் போற வண்டி எது, ஆபீஸுக்குப் போற வண்டி எதுன்னு யாரும் டேங்க்கைத் திறந்து பார்க்கலை.

இதுல கடைசியா நட்டப்பட்டது யாருன்னு ஒரு நாள் நேர்ல பார்த்தேன். பக்கத்து ஊர்ல காய்கறி போடற ஒரு பெரியவர். எழுபது வயசு இருக்கும். ஜப்பான்ல ஓடித் தேய்ஞ்ச ஒரு மினி லாரியை வெச்சிருக்கார். ஸ்டியரிங் நம்ம ஊர் மாதிரி வலது பக்கம். பார்த்ததும் "அட, நம்ம குட்டி யானை!"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். புது வண்டியா இறக்குமதி பண்ண முடியாது. அந்த நாட்டுப் பாதுகாப்பு விதிக்குள்ள அது வராது. 25 வருஷம் பழசானாத்தான் விதிவிலக்கு. அதனால பழைய வண்டியைத் தேடிப் பிடிச்சு வாங்கறாங்க. பதிவு பண்றதுக்கும் சில மாநிலங்கள்ல இழுபறி. "எனக்கு வேணுங்கிற அளவுல இந்த நாட்டுல ஒரு வண்டி செய்ய மாட்டேங்கறாங்க"ன்னார் அவர். விவசாயி பேரைச் சொல்லி வளர்ந்த சந்தையில, விவசாயிக்கு வேணுங்கிற வண்டி இல்லை. கால் டன் தக்காளி ஏத்த அவர் கால் நூற்றாண்டு பழைய வண்டியை நம்பியிருக்கார்.

கால் பண்ற வேலை

எங்க பெரியப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். "டீசலைக் குடிக்கிறது காலுடா"ன்னு சொல்லுவார். சட்டத்தையும் கம்பெனியையும் மாப்பிள்ளையால மாத்த முடியாது. காலை மாத்தலாமேன்னு தோணுச்சு.

அங்க மாட்டு ஏலச் சந்தை ஒண்ணு இருக்கு. போக 90, வர 90 கிலோமீட்டர். முதல் தடவை மாப்பிள்ளை வழக்கம்போல 125-ல் போனார். 7.2 கிடைச்சுது. மொத்தம் 25 லிட்டர். ரெண்டாவது தடவை, "மாமாவுக்காக 100-ல் போங்க மாப்பிள்ளை"ன்னேன். க்ரூஸ்ல போட்டுட்டு வலது ஓரமாப் போனோம். 9 கிலோமீட்டர் குடுத்துச்சு. 20 லிட்டர்தான். போக வரச் சேர்த்து அதிகமான நேரம் 22 நிமிஷம். 22 நிமிஷத்துக்கு 5 லிட்டர்.

இதுக்குக் காரணம் காத்து. வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்காகும். 100-லிருந்து 125-க்குப் போனா ஒண்ணரை மடங்குக்கும் மேல. நெட்டுக்குத்தா சுவர் மாதிரி நிக்கிற பிக்கப்பு மூஞ்சிக்கு இது காரைவிட அதிகமா வலிக்கும்.

பின் கதவைத் தொறந்து விட்டுட்டு ஓட்டினா காத்து சிக்காம மைலேஜ் கூடும்னு அங்க பலபேர் நம்பறாங்க. நம்ம ஊர்லயும் சொல்லிக் கேட்டிருக்கேன். காத்துக் குழாயில வெச்சுச் சோதிச்சதுல அது தப்புன்னு தெரிஞ்சிருக்கு. கதவு மூடியிருந்தா தொட்டிக்குள்ள காத்து சுழன்று ஒரு மெத்தை மாதிரி நிக்குமாம். மேல வர்ற காத்து அது மேல வழுக்கிட்டுப் போயிரும். தொறந்து விட்டா அது கலைஞ்சிரும்.

அப்புறம் வண்டி நிக்கறப்ப ஓடற இஞ்சின். பள்ளிக்கூடத்து வாசல்ல புள்ளைங்களைக் கூப்பிட வர்ற பிக்கப்புங்க வரிசையா ஏசியோட உறுமிக்கிட்டு நிக்கும். பெரிய இஞ்சின் சும்மா நின்னாலே மணிக்கு ஒண்ணு ரெண்டு லிட்டர் குடிக்கும். வெடுக்குனு எடுத்து வெடுக்குனு பிரேக் போடறது இன்னும் மோசம். டவுனுக்குள்ள அதுல மட்டும் 10-லிருந்து 40 சதவீதம் வரைக்கும் மைலேஜ் போகும்னு அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்லுது. டயர்ல காத்து குறைஞ்சா கொஞ்சம் போகும், தொட்டியில தேவையில்லாத சாமான் கிடந்தா கொஞ்சம் போகும். மாப்பிள்ளை தொட்டியில ஆறு மாசமாக் கிடந்த ரெண்டு சிமென்ட் மூட்டையை நான்தான் எறக்கி வெச்சேன். எரு ஏத்தாட்டியும் அது மட்டும் ஏத்தியிருந்தார்.

"ஒரு கிலோமீட்டர் ரெண்டு கிலோமீட்டர் கூடி என்ன ஆகப் போகுது மாமா? இந்த வண்டிக்கு இவ்வளவுதான்"னு அவர் சொன்னப்ப, நூலகத்துல படிச்ச ஒரு கணக்கைச் சொன்னேன். 2008-ல் டியூக் பல்கலைக்கழகத்து ஆளுங்க ரெண்டு பேர் எழுதினது. மைலேஜ் எண்ணு நம்மளை ஏமாத்தும்ங்கறாங்க. நம்ம அளவுல சொல்றேன், நீங்களே போட்டுப் பாருங்க. வருஷம் 18,000 கிலோமீட்டர் ஓடுதுன்னு வைங்க. 15 குடுக்கிற காரை மாத்தி 20 குடுக்கிற கார் வாங்கினா, 1,200 லிட்டர் 900 ஆகும். மிச்சம் 300. லிட்டருக்கு 5 குடுக்கிற பெரிய வண்டியை நிதானமா ஓட்டி 6 ஆக்கினா, 3,600 லிட்டர் 3,000 ஆகும். மிச்சம் 600. அஞ்சு கூடினதைவிட ஒண்ணு கூடினது ரெண்டு மடங்கு மிச்சம் பண்ணுது.

இந்தக் கணக்கை வெச்சுப் பார்த்தாத்தான் 1975-ல் பண்ணின தப்போட அளவு தெரியுது. ஏற்கெனவே கொஞ்சமாக் குடிக்கிற காரைப் பிடிச்சு நெருக்கினாங்க. அதிகம் குடிக்கிற லாரியை, விவசாயி பாவம்னு விட்டாங்க. எங்க ஒரு கிலோமீட்டர் கூடினா மலையளவு மிச்சமோ, அங்க கையை எடுத்துட்டாங்க.

ஊருக்கு வந்து

இவ்வளவும் எழுதறதுக்குக் காரணம் இருக்கு. நாங்க அங்க இருக்கறப்பவே பையன் போன் பண்ணினான். குட்டி யானையைக் குடுத்துட்டுப் பெரிய பிக்கப்பு எடுக்கலாம்ப்பா, லோன் தர்றாங்க, விவசாயிக்குன்னா சீக்கிரமே ஆகும்னான். நாலு கதவு, பெரிய இஞ்சின். விளம்பரத்துல யாரோ வைக்கோல் கட்டைத் தூக்கிப் போடறாங்களாம்.

நான் வேண்டாம்னு சொல்லலை. வந்ததும் ஒரு நோட்டைக் குடுத்து, "நம்ம வண்டி எங்கெங்க போகுது, எவ்வளவு ஏத்திக்கிட்டுப் போகுதுன்னு எழுது. அப்புறம் பேசலாம்"னேன். நான் வர்றதுக்கு முன்னாடி இருபது நாள் ஓட்டினதையும் அவனே ஞாபகப்படுத்தி எழுதினான். மொத்தம் 31 நடை. உரக்கடை, பால் சொசைட்டி, மோட்டார் காயில் கட்ட டவுனுக்கு, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு. முழு லோடு ஏறினது நாலு நடைதான். மில்லுக்குக் கிழங்கு போறப்ப எப்படியும் வாடகை லாரிதான் வருது.

பையன் நோட்டை ரெண்டு தடவை பார்த்தான். ஒண்ணும் பேசலை. மறுநாள் டயருக்குக் காத்து பிடிச்சுட்டு வந்தான். குட்டி யானை இன்னும் ரெண்டு வருஷம் ஓடட்டும்னு சொல்லியிருக்கான். ரெண்டு வருஷம் கழிச்சு நோட்டு வேற மாதிரி சொன்னா, நானே கூடப் போய்ப் பெரிய வண்டிக்குக் கையெழுத்துப் போடுவேன்.

நேத்து மாப்பிள்ளை போன்ல வந்தார். பேத்தி குப்புற விழுந்துட்டாளாம். கடைசியா வெக்கறப்ப, "மாமா, இந்த வாரம் 20 வந்துருச்சு"ன்னார். கேலனுக்குத்தான். லிட்டருக்கு எட்டரை. ஆபீஸுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பறாராம்.

நீங்களும் ஒரு மாசம் நோட்டு போட்டுப் பாருங்க.